அந்தி நேரத்தில் பேச்சு மாறும் மூளை

கேரளத்தின் விதுராவைத் தாண்டி, பொன்முடி மலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே ஓடுகிறது கல்லாறு. கரையோரப் பலாமரத்தடியில் ஒரு பழம் வெடித்துக் கிடக்கிறது. நடுப்பகலில் பார்த்தபோது அதைச் சில பழ ஈக்களே சுற்றிக்கொண்டிருந்தன. பொழுது சாயும் இந்நேரம் மொய்க்கின்றன. விடியலும் அந்தியும்தான் பழ ஈ சுறுசுறுப்பாகும் வேளைகள்.

ஈயின் மூளை கசகசா விதை அளவுதான். அதிலுள்ள சுமார் 1,39,000 நரம்பணுக்களில் ஏறத்தாழ 240 மட்டுமே நேரம் காப்பவை. அவை நாள் முழுக்க ஒரே மாதிரிப் பேசிக்கொள்வதில்லை. அவற்றுள் சிலவற்றின் நுனிக்கிளைகள் பகலில் விரிந்து பரவுகின்றன, இரவில் ஒடுங்குகின்றன. புவனோஸ் ஐரிஸில் மரியா பெர்னாண்டா செரியானி குழுவினர் 2008இல் இதைக் கண்டறிந்தனர். முழு இருட்டில் வைத்தாலும் இந்த மாற்றம் நிற்கவில்லை. இந்த நுனிக்கிளைகள் தொடர்பு கொள்ளும் அணுக்களும் வேளைக்கு வேளை மாறுகின்றன என்று அதே குழு பின்னர் காட்டியது. நுனிக்கிளைகள் இப்படி விரிந்தொடுங்கும் அணுக்கள் சுரக்கும் பி.டி.எஃப். என்ற புரதத்துணுக்கு இல்லாத ஈக்கள், தொடர் இருட்டில் நாளொழுங்கைத் தொலைத்துவிடுகின்றன. தனித்தனிக் கடிகாரங்கள் இருந்தால் போதாது, அவை ஒன்றோடொன்று பேசவும் வேண்டும்.

கல்லாற்றுக்கு வரும் வழியில், விதுராவில் இருக்கும் ஐசர் அறிவியல் கல்வி நிறுவனத்திலும் பழ ஈக்களின் நாளொழுங்கை ஆராய்கிறார்கள். இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எம்.கே. சந்திரசேகரன். இரவில் சிறிது நேரமே காட்டும் ஒளிகூட ஈக்களின் கடிகாரத்தை நகர்த்திவிடும் என்பதை ஆராய்ந்தவர் அவர். முன்னிரவு ஒளி கடிகாரத்தைப் பின்தள்ளும், பின்னிரவு ஒளி முன்தள்ளும்.

மனிதருக்கும் இதே விதிதான். கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே பல்லாயிரம் அணுக்கள் கொண்ட நம் மையக் கடிகாரம் இருக்கிறது. அந்த அணுக்கள் பகலில் அதிகம் துடிக்கின்றன, இரவில் அடங்குகின்றன. வி.ஐ.பி. என்ற துணுக்கு அவற்றை ஒத்திசைய வைக்கிறது.

இருட்டிவிட்டது. ஆற்றோரம் நின்ற பயணிகள் சிலரின் முகங்களில் கைபேசி வெளிச்சம். மலைக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இங்கே கிடைக்கும் இருட்டைக் கெடுக்காதீர்கள். வீடு திரும்பிய பிறகும் படுக்கையறை விளக்கையும் திரையையும் நேரத்தோடு அணையுங்கள். நம் கடிகார அணுக்கள் ஒழுங்காகப் பேசிக்கொள்ள, பகல் வெளிச்சம் போலவே இரவின் இருளும் தேவை.