எனக்கென்று ஒரு தலையணை

எங்கள் வீட்டில் மொத்தம் ஆறு தலையணைகள். என் கணவருக்கு ஒன்று, மாமியாருக்கு இரண்டு, பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. ஆறாவது, 1999-ல் என் கல்யாணத்துக்குச் சீரோடு சீராக அம்மா தைத்துக் கொடுத்த இலவம்பஞ்சுத் தலையணை. அதுதான் என்னுடையது என்று பெயர். ஆனால் விருந்தாளி யார் வந்தாலும் முதலில் போவது அதுதான். அன்றைக்குப் பழைய சேலை இரண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக் கொண்டு படுத்து விடுவேன். "நமக்கென்ன, கண்ணை மூடினா தூக்கம்" என்று அதில் ஒரு பெருமை வேறு!

அந்தப் பெருமைக்குத்தான் பிறகு வட்டியும் முதலுமாகக் கட்டினேன்.

என் பிறந்த வீடு தேனி மாவட்டத்தில் வருசநாட்டுப் பக்கம். போடிநாயக்கனூர், வருசநாடு வட்டாரத்தில் இலவம்பஞ்சு பேர் போனது. காய்கள் முற்றி வெடித்ததும் அம்மா பஞ்சை எடுத்துக் கொட்டை நீக்கி, வெயிலில் காய வைத்து, கோடு போட்ட மெத்தைத் துணியில் திம்மென்று அடைப்பார். அப்படி அடைத்த தலையணை இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தது. ஆனால் நாளாக ஆகப் பஞ்சு ஒரு பக்கம் கட்டி தட்டி, நடுவில் பள்ளம் விழுந்து போயிற்று. அம்மா காலமான பிறகு அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. பையன் வேலைக்காகப் பெங்களூர் போனதும், சும்மா கிடந்த அவனுடைய தலையணையை அடியில் வைத்து, அதன் மேல் அம்மாவின் தலையணையை வைத்துப் படுக்க ஆரம்பித்தேன்.

2022 கடைசியில் கழுத்து வலி தொடங்கியது. காலையில் எழுந்தால் கழுத்து மரக்கட்டை மாதிரி இருக்கும். தெருவைக் கடக்கும்போது பஸ் வருகிறதா என்று பார்க்கக்கூட, உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டும். தேங்காய் துருவினால் தோள்பட்டையில் சுருக்கென்று இழுக்கும்.

"சுளுக்குத்தான், தலைகாணியை வெயில்ல போடு, சரியாப் போயிடும்" என்றார் மாமியார். போட்டேன். அன்று ஒரு நாள் கொஞ்சம் சுகமாக இருந்தது. வெயிலில் பஞ்சின் ஈரப்பதம் போய்க் கொஞ்சம் உப்பியிருக்க வேண்டும். மறுநாள் பழையபடிதான். தைலம் தேய்த்தேன். சுளுக்கு வழிக்கிற அம்மாளிடம் போனேன். மருந்துக் கடையில் நானாகவே ஒரு கழுத்துப் பட்டை வாங்கி மாட்டிக் கொண்டேன். இன்று போய்விடும், நாளை போய்விடும் என்று இலவு காத்த கிளியாக மூன்று மாதம் ஓடியது.

வலியை விடக் கொடுமை தூக்கமில்லாததுதான். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும். தலையணையைப் புரட்டுவேன், மடிப்பேன், குத்துவேன். மூன்றரைக்குக் கண் அயர்ந்தால் ஐந்துக்கு எழுந்தாக வேண்டும். பகலெல்லாம் சிடுசிடுப்பு. பாத்திரம் விழுந்தால் கோபம், பால் பொங்கினால் கோபம்.

2023 மார்ச்சில் என் பெண்ணுக்கு ப்ளஸ் டூ பரீட்சை. மறுநாள் வேதியியல். இரவு பதினொன்றரைக்கு அவள் விளக்கைப் போட்டுக் கொண்டு படித்துக் கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் கண் சொருகியது. வெளிச்சம் முகத்தில் அடிக்கவும் எழுந்து, "மனுஷியைத் தூங்க விடமாட்டியா? இத்தனை நாள் என்ன கிழிச்சே?" என்று கத்திவிட்டு விளக்கை அணைத்தேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். வாசல்படியில், தெரு விளக்கு வெளிச்சத்தில், புத்தகத்தை மடியில் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று ராத்திரி நான் தூங்காததற்குக் கழுத்து காரணமில்லை.

பரீட்சை முடிந்த கையோடு என் கணவர் என்னை எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். "லேசான தேய்மானம் இருக்கு. நாற்பது தாண்டினா நிறையப் பேருக்கு இப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். என் கைவிரல்களை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மரமரப்பு இருக்கிறதா என்று கேட்டார். நரம்பில் கோளாறு எதுவும் இல்லை என்று தெரிந்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை தலையணை வெச்சுப் படுப்பீங்க?"

"ரெண்டு" என்றேன். "ஒண்ணு பள்ளமாயிடுச்சு, அதனால..."

அவர் சிரித்து விட்டார். "கழுத்துல ஏழு எலும்பு இருக்கும்மா. நாலஞ்சு கிலோ தலையை அதுதான் தாங்குது. பகல் பூரா அடுப்பு, அரிவாள்மணை, துணின்னு குனிஞ்சே வேலை செய்றீங்க. ராத்திரியாவது அது நேரா இருக்க வேண்டாமா? ரெண்டு தலையணை வெச்சு அப்பவும் குனியவே வெச்சிருக்கீங்க" என்றார். கழுத்துப் பட்டையை நாளெல்லாம் மாட்டிக் கொண்டிருந்தால் கழுத்துத் தசை பலம் குறைந்துவிடும் என்று அதையும் கழற்றச் சொன்னார். செய்வதற்கு நாலு சின்னப் பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இதைக் கேள்விப்பட்டதும் பெங்களூரிலிருந்து பையன் ஒரு புதுத் தலையணை அனுப்பி வைத்தான். மெமரி ஃபோமாம். அமுக்கினால் கையின் அச்சு பதிந்து, பிறகு மெதுவாக எழும்புகிறது. 1966-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, விமான இருக்கைகளில் வைப்பதற்கு உருவாக்கிய பொருளாம் அது. ஆசையாகப் படுத்துப் பார்த்தேன். மோவாய் போய் மார்பில் இடித்தது! குறை தலையணையில் இல்லை. ஐந்து அங்குல உயரம், அகலத் தோள்காரனான அவனுக்குச் சரி. ஒல்லியான எனக்கு அது மலை. விலை உயர்ந்தால் வலி போய்விடாது, உயரம்தான் கணக்கு என்று அப்போதுதான் புரிந்தது.

"அப்ப உனக்கு எவ்வளவு உயரம் வேணும்னு அளந்து பாத்துடுவோம்மா" என்றாள் என் பெண். இதில் கடினமே இல்லை, சகோதரிகளே! பழைய துண்டு, போர்வைகளைப் பட்டையாக மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொள்ள வேண்டும். நீங்கள் வழக்கமாகப் படுக்கும் இடத்திலேயே, வழக்கமாகப் படுக்கிறபடி படுக்க வேண்டும். நான் ஒருக்களித்துப் படுப்பவள். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். மூக்கு, மோவாய், நெஞ்சுக்குழி மூன்றும் ஒரே நேர்கோட்டில், படுக்கைக்கு இணையாக வரும் வரை ஒவ்வொரு மடிப்பாக உருவினாள்.

"இப்ப நேரா இருக்கும்மா, அசையாதே" என்று தன் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தாள். மூன்றரை அங்குலம்.

அந்த ஸ்கேலைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. "அன்னைக்கு ராத்திரி உன்னைத் திட்டிட்டேன்டி" என்றேன். "விடும்மா, நீ தூங்கி எத்தனை நாளாச்சுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இது போதும்.

மறுநாள் அம்மாவின் தலையணையை எடுத்துக் கொண்டு மெத்தைக் கடை பாயிடம் போனேன். தையலைப் பிரித்துக் கையை விட்டுப் பார்த்தவர், "என்ன தங்கச்சி, பஞ்சு பாதி பொடியாப் போச்சே! புதுசு போட்டு நல்லாத் திம்முனு அடைச்சுடட்டுமா?" என்றார்.

"வேண்டாம் பாய். தலை வெச்சு அமுங்கினப்புறம் மூன்றரை அங்குலம் நிக்கணும். அவ்வளவு அடைச்சாப் போதும்."

"எல்லாரும் காசு குடுக்கறோம்ல, இன்னும் கொஞ்சம் போடுங்கன்னுதான் கேப்பாங்க. குறைச்சுப் போடச் சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்று சிரித்தார். பொடியை உதறி, தேறின பழைய பஞ்சோடு புதுப் பஞ்சைக் கலந்து முக்கால் கிலோ அடைத்தார். அங்கேயே பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்துக் காட்டச் சொல்லி, இன்னும் ஒரு கைப்பிடி எடுத்தார். அம்மாவின் பஞ்சு கொஞ்சமாவது அதில் இருக்கிறது என்பது என் மனசுக்கு ஆறுதல்.

முதல் வாரம் பழகவில்லை. "ஐயோ, பழசே தேவலையோ" என்றுகூடத் தோன்றியது. இரண்டாவது வாரம் ராத்திரி ஒரே ஒரு தடவைதான் விழித்தேன். ஒன்றரை மாதத்தில் காலை வலி பெரும்பாலும் போய் விட்டது. தலையணை மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய்யாகும். பயிற்சிகளை விடாமல் செய்தேன். அரிவாள்மணையை விட்டு, மேடையில் நின்று கத்தியால் நறுக்கப் பழகினேன். கைப்பேசியைக் குனிந்து பார்ப்பதைக் குறைத்தேன். ஆனால் எட்டு மணி நேரம் தலை வைக்கிற இடம் சரியில்லாமல் மற்றதெல்லாம் செய்து என்ன பிரயோஜனம்?

நான் கற்றுக் கொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்:

ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தலையணை, காதுக்கும் தோளின் வெளி ஓரத்துக்கும் உள்ள இடைவெளியை நிரப்ப வேண்டும். மல்லாந்து படுப்பவர்களுக்கு அதைவிட மெல்லியது போதும். ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி, உறைக்குள் கழுத்து வரும் ஓரத்தில் வைத்துக் கொண்டால் கழுத்தின் வளைவுக்குத் தாங்கல் கிடைக்கும். குப்புறப் படுக்கும் பழக்கத்தை விட்டு விடுவது நல்லது. ராத்திரி பூரா கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக் கிடக்கும்.

பாயில் படுப்பவர்களுக்கும் மெத்தையில் படுப்பவர்களுக்கும் ஒரே அளவு சரிப்படாது. மெத்தையில் தோள் அமுங்குவதால் தலையணை கொஞ்சம் தாழ்வாக இருக்கலாம். தோளைத் தலையணை மேல் ஏற்ற வேண்டாம். தலையும் கழுத்தும் மட்டும் அதில் இருக்கட்டும்.

இலவம்பஞ்சைத் தண்ணீரில் நனைக்காதீர்கள், கட்டி தட்டிப் போகும். மாதம் ஒரு முறை வெயிலில் போட்டுத் தட்டி எடுங்கள். உறையை வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசிப் போடுங்கள்.

கர்ப்பிணிகள் ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்துக் கொண்டால் இடுப்புக்குச் சுகமாக இருக்கும்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மண்டை உருண்டையாக வரட்டும் என்று கைக்குழந்தைக்குக் கடுகுத் தலையணை வைப்பது நம் வீடுகளில் வழக்கம். நானும் வைத்தவள்தான். ஒரு வயது ஆகும் வரை குழந்தைக்குத் தலையணையே வேண்டாம், முகம் புதைந்து மூச்சு முட்டும் ஆபத்து உண்டு என்பது இன்றைய குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. இதில் பெரியவர்களின் பேச்சைத் தட்டினால் தப்பில்லை.

கழுத்து வலியோடு கை மரத்துப் போவது, பிடித்த பாத்திரம் நழுவுவது, நடை தள்ளாடுவது, காய்ச்சல் இருப்பது, அல்லது விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி என்றால் தலையணையை ஆராய்ந்து கொண்டிருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் போய்விடுங்கள். என்னைப் போல மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம்.

2024 பொங்கலுக்கு என் நாத்தனார் வந்திருந்தார். ராத்திரி படுக்கை விரிக்கும்போது, பழைய பழக்கத்தில் என் கை தானாக என் தலையணையை எடுத்து அவர் பக்கம் நீட்டியது. என் பெண் குறுக்கே வந்து அதை வாங்கிக் கொண்டாள். "இது அம்மாவோட அளவு அத்தை, உங்களுக்குச் சரிப்படாது. அண்ணன் அனுப்பிச்சதைத் தரேன்" என்று மெமரி ஃபோமைக் கொண்டு வந்து கொடுத்தாள். நாத்தனாருக்கு நல்ல அகலமான தோள். காலையில், "அண்ணி, இதை எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டார்.

வீட்டில் எல்லோருக்கும் செருப்பு அளவு நமக்குத் தெரியும், சட்டை அளவு தெரியும். நம் தலையணை அளவு நமக்குத் தெரியுமா? இன்று ராத்திரி படுக்கும்போது ஒரு ஸ்கேலும் நாலு துண்டும் எடுத்துக் கொள்ளுங்கள். பக்கத்தில் பெண்ணோ பிள்ளையோ இருந்தால் அளக்கச் சொல்லுங்கள்.