தோணி பார்க்கச் சென்றோம்

ஆனேக்கல் என்னும் பெயருக்குக் கன்னடத்தில் ஆலங்கட்டி என்று பொருள் கூறுவர். கடலுக்கும் இவ்வூருக்கும் உள்ள உறவு அவ்வளவே. ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் பிறந்து வளர்ந்த என் மகள், ஒன்பது வயது வரை ஏரியையன்றி வேறு நீர்ப்பரப்பைக் கண்டதில்லை. அவளுடைய பாட்டனார் தூத்துக்குடித் தோணியில் தண்டலாக இருந்தவர் என்று சொன்னபோது, "ஏரியில் துடுப்புப் போடுகிறார்களே, அதுவா அப்பா?" என்று கேட்டாள். தோணிகளோ ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன. இனியும் காலந்தாழ்த்துவது முறையன்று என்று தோன்றியது.

ஓசூரில் இரவு மைசூரு–தூத்துக்குடி விரைவு வண்டியில் ஏறினால் மறுநாள் முற்பகலில் தூத்துக்குடியை அடையலாம். வழியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை; இருவரும் உறங்கிவிட்டோம்.

தூத்துக்குடியில் துறைமுகங்கள் இரண்டு. பெருங்கப்பல்கள் அணையும் புதிய துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது. அதற்கு முன்னர் ஆழம் போதாமையால் கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கைக் கரைக்கும் கப்பலுக்குமாகச் சுமந்தவை தோணிகளே. இன்றும் அவை நகரையொட்டிய பழைய துறைமுகத்தில்தான் நிற்கின்றன. உள்ளே செல்ல அனுமதி வேண்டும். ஆகவே மீன்பிடித் தொழில் செய்யும் என் அண்ணன் முறையினர் ஒருவர், விடியற்காலையில் தம் வள்ளத்தில் எங்களை ஏற்றித் துறைமுக எல்லைக்கு வெளியே கொண்டு நிறுத்தினார்.

சிறிது நேரத்தில் மாலத்தீவுக்குச் செல்லும் தோணி ஒன்று வெளிப்பட்டது. முழுதும் மரம்; இருநூறு டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றவல்லது. அணியம் உயர்ந்து, வயிறு பருத்து, நிறைசூலி போல மெல்ல அசைந்து வந்தது. மகள் என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். ஆனால் பாய் விரியவில்லை. இயந்திர ஓசைதான் கேட்டது.

"பெரியப்பா, பாய் எங்கே?"

"சுருட்டி வைத்திருக்கிறார்கள், மகளே. எஞ்சின் ஓடும்போது பாய்க்கு வேலை குறைவு."

அவள் முகம் வாடியது. எனக்கும் ஏமாற்றமே. 1980களில் தோணிகளுக்கு இயந்திரம் பொருத்தத் தொடங்கினார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொழும்பு ஏறத்தாழ 150 கடல் மைல். காற்று விழுந்துவிட்டால் நடுக்கடலில் நாட்கணக்கில் அசையாமல் கிடந்ததையும், குடிநீரை அளந்து குடித்ததையும் என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"தாத்தாவுக்குப் பயமாக இராதா?" என்றாள் மகள்.

"இருக்கும். கரையேறியதும் நேரே பனிமய மாதா கோயிலுக்குப் போவார். அதற்குப் பிறகுதான் வீடு" என்றார் அண்ணன். தந்தையார் என்னிடம் ஒருநாளும் சொல்லாத செய்தி அது.

திரும்பும்போது கரையில் பழுது பார்க்கும் தோணி ஒன்றைக் கண்டோம். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பற்றடித்துக்கொண்டிருந்தனர். ஏரா முதல் பாய்மரம் வரை ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டுக் கேட்டு மகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். தமிழ் எழுதச் சொன்னால் முகம் சுளிப்பவள் அவள்!

தமிழரின் பாய்க்கப்பல் தொலைவும் சென்றதுண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பெற்ற 'அன்னபூரணி', அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு, தமிழ் மாலுமிகளுடன் 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தது. நாம் வாழும் கருநாடகத்துக்கும் பங்குண்டு. அஜந்தா ஓவியத்தைப் பார்த்து, ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டிய 'கௌண்டின்யா' என்னும் கப்பல், 2025 மே 21இல் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. இயந்திரமில்லாத அக்கப்பல் அவ்வாண்டு டிசம்பர் 29இல் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்குப் புறப்பட்டு, அடுத்த மாதமே போய்ச் சேர்ந்தது. இதைச் சொன்னதும், அடுத்த விடுமுறைக்குக் கார்வார் என்று மகள் முடிவு செய்துவிட்டாள்.

தூத்துக்குடி செல்ல எண்ணும் அன்பர்கள், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களைத் தவிர்க்கவும். அப்போது தோணிகள் ஓடாமல் கட்டிக்கிடக்கும். குழந்தைகளுக்குத் தொப்பி எடுத்துச் செல்லுங்கள். காலை எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது.