எது சூடாக இருக்கிறதோ, அது!

ஹோட்டல் பலகாரத்தைப் பற்றி ஆண்கள் பேசுவது ஒரு தினுசு. பெண்கள் பேசுவது வேறு தினுசு. ஆண்களுக்கு ருசிதான் பேச்சு. "திருவல்லிக்கேணி ரத்னா கபே ஸாம்பாருக்கு ஈடு உண்டா?" என்று ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஓடும். நமக்கோ, கரண்டி பிடிக்காமல் ஒரு வேளை கழிந்ததே, அதுதான் முதல் ருசி!

வீட்டில் தோசை வார்க்கிறவளுக்கு எந்தத் தோசை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? கடைசித் தோசை. பாத்திரத்தை வழித்து ஊற்றிய தோசை. அதற்குள் சட்னியும் தீர்ந்து போயிருக்கும்.

அந்த நாளில் ஹோட்டலுக்குப் போனாலும் நம்மைப் 'பேமிலி ரூ'முக்குள் அனுப்பிவிடுவார்கள். மரத் தடுப்பு, பாதிக் கதவு, அழுக்குத் திரை. யாரோ பார்த்துவிடப் போகிறார்களே என்று அவசர அவசரமாக இரண்டு வாய் போட்டுக்கொண்டு எழுந்து வருவோம்.

இந்தக் கூச்சத்தைச் சென்னையில் பலருக்குப் போக்கிய இடம், கதீட்ரல் ரோடில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். உடுப்பிப் பக்கத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து, 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கிய கிருஷ்ண ராவ்தான், 1962-ல் இதையும் ஆரம்பித்தார். பெரிய பெரிய மரங்கள். நிழலில் காரை நிறுத்தினால், ஜன்னலில் ஒரு தட்டை மாட்டி, பலகாரத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். கார் இல்லாதவர்களுக்கு உள்ளே கூடம் இருந்தது. ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உலகத்தை அலசினாலும், யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள்.

என் மாமியார் 40 வருஷம் அடுப்படியில் நின்றவர். ஹோட்டல் வாசற்படியை மிதித்ததே இல்லை. 1974-ல் ஒரு நாள், என் அண்ணாவின் பியட் காரில் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது அங்கே நிறுத்தினோம். "காரை விட்டு நான் இறங்க மாட்டேன்" என்றார். "இறங்கவே வேண்டாம் அம்மா, இங்கே அதுதான் வழக்கம்!" என்றேன்.

பரிமாறுகிற பையன் வந்து குனிந்து, "மாமி, உங்களுக்கு என்ன கொண்டு வரட்டும்?" என்றான்.

மாமியார் முன் ஸீட்டைக் காட்டி, "மாமாவைக் கேளுப்பா" என்றார்.

"மாமா சொல்லியாச்சு. உங்களுக்கு என்ன வேணும், மாமி?"

பதிலே வரவில்லை. மாமாவுக்கு முறுகலாக வேண்டும், என் கணவருக்கு நெய் விட வேண்டும், கடைக்குட்டிக்குக் காரம் ஆகாது – எல்லோருடைய நாக்கும் அவருக்கு மனப்பாடம். தமக்கு என்ன பிடிக்கும் என்பதுதான் ஞாபகம் வரவில்லை. கடைசியில் மெல்லிய குரலில் சொன்னார்: "எது சூடா இருக்கோ, அது."

ஆவி பறக்க ஒரு மசால் தோசை வந்தது. அவர் அதை நிதானமாகச் சாப்பிட்டார். மாமா திரும்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில், "முதல் தோசை உனக்கு" என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். மாமியார், "போதுமே, இதென்ன புதுப் பழக்கம்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், தோசையைத் திருப்பிக் கொடுக்கவில்லை!

2008-ல் டிரைவ்-இன்னை மூடிவிட்டார்கள். இடம் அரசாங்கத்தினுடையது. 2010-ல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது.

இப்போது ஹோட்டலே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. டெலிபோனைத் தட்டினால் போதும், பை பையாகப் பலகாரம்! சௌகரியம்தான். ஆனால் பையைப் பிரிப்பது யார்? தட்டு வைப்பது யார்? எல்லோருக்கும் பங்கிட்ட பிறகு, ஆறிப்போனதை எடுத்துக்கொள்வது யார்? கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

வெளியே அழைத்துப் போக முடியாவிட்டால் பரவாயில்லை. வீட்டிலேயே ஒரு நாள், அடுப்படியில் நிற்கிறவளைப் பார்த்து, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரக் கொஞ்ச நேரமாகும். காத்திருங்கள்.