ஏவியவரும் இயற்றியவரும்

கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த மலைப்பாதைகளையும் அறிந்தவர்க்கு ஒரு செய்தி வாக்கியம் மிகவும் பழக்கமானது: "சாரதியின் கட்டுப்பாட்டை இழந்த லொறி வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் பாய்ந்தது." ஊர்ப்பெயர் மாறும். ஒருநாள் கடுகண்ணாவை, மற்றொருநாள் கம்பளை, பிறிதொருநாள் புசல்லாவை அல்லது றம்பொடை. இறந்தோர் தொகையும் மாறும். வாக்கியம் மட்டும் மாறுவதில்லை. இலக்கணம் பயின்ற ஒருவர் இவ்வாக்கியத்தைச் சற்று நின்று நோக்குவாராயின், அதில் ஒரு விந்தையைக் காண்பார். ஆறாம் வேற்றுமை உடைமைப் பொருளை உணர்த்துவது. இங்கே சாரதிக்கு உடைமையாகச் சொல்லப்படுவது கட்டுப்பாடு ஒன்றே. லொறி யாருடைய உடைமை என்பதற்கு அவ்வாக்கியத்தில் இடமே இல்லை.

தமிழ் இலக்கணம் இவ்விடத்தில் நமது செய்தித்தாள்களிலும் நுட்பமானது. மூன்றாம் வேற்றுமைக்குரிய கருத்தாப் பொருளை அது இருவகைப்படுத்தும். ஒருவன் ஆணையிட்டுச் செய்விப்பானாயின் அவன் ஏவுதற் கருத்தா. தன் கையாற் செய்பவன் இயற்றுதற் கருத்தா. அரசனாற் கட்டப்பட்டது என்றாலும், தச்சனாற் கட்டப்பட்டது என்றாலும் பிழையில்லை. ஒரு செயலுக்கு இருவர் உரியர் என்பதை இலக்கண நூலார் ஐயமின்றி உணர்ந்திருந்தனர். கருவிப் பொருளுக்கும் அதே உருபையே அவர்கள் வகுத்தனர்: வாளால் வெட்டினான் என்பது போல. செய்வித்தவன், செய்தவன், செய்தற்குப் பயன்பட்ட கருவி ஆகிய மூன்றும் ஒரே 'ஆல்' உருபின்கீழ் நிற்கின்றன.

கண்டி மாநகரில் இந்த இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டுகள் வேண்டிய மட்டும் உள. நகரின் நடுவே கிடக்கும் வாவியை அமைத்தவர் யார் எனக் கேட்டால், பள்ளிச் சிறுவனும் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பெயரைச் சொல்வான். ஆண்டு 1807 என்பான். மண் சுமந்தவர் பெயர் எவர்க்கும் தெரியாது. கொழும்பு வீதியில் கடுகண்ணாவை உச்சியில் கப்டன் டோசனின் நினைவாக ஒரு கோபுரம் நிற்கிறது. ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் அவ்வீதியை வகுத்த பொறியியலாளர் அவர், 1829இல் இறந்தார். கோபுரம் 1832இல் எழுந்தது. அவ்வீதியின் கற்களைப் புரட்டியவர்களுட் பலர் இராஜகாரிய முறையின்கீழ்க் கட்டாய வேலைக்கு அழைக்கப்பட்ட குடிமக்கள். அந்த முறை ஒழிக்கப்பட்டதும் 1832இலேதான். கட்டாய உழைப்பு ஒழிந்த அதே ஆண்டில், அவ்வுழைப்பால் எழுந்த வீதிக்குரிய புகழ் கல்லில் நிலைபெற்றது. அப்புகழ் முழுவதும் ஏவியவர்க்கே சென்றது.

இவ்வாறு, நற்செயலாயின் ஏவுதற் கருத்தாவின் பெயர் நிலைக்கிறது. அதே வீதியில் ஒரு லொறி கவிழுமாயின் அம்மரபு தலைகீழாகிவிடுகிறது. அப்பொழுது ஏவியவர் வாக்கியத்திலிருந்து மறைகின்றார். இயற்றியவர் ஒருவரே எஞ்சுகின்றார். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

கடுகண்ணாவை இறக்கத்தில் கொழும்பு நோக்கிச் செல்லும் ஒரு லொறிச் சாரதியை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். வண்டியும் சுமையுமாக 10 தொன் எனக் கொள்வோம். வளைவுகளினூடே அது 300 மீற்றர் உயரம் இறங்குமாயின், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் 90 லீற்றருக்கு மேற்பட்ட நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வேகம் கூடாமற் காப்பதென்றால் அவ்வாற்றல் எங்கேனும் செலவாதல் வேண்டும். ஒரு பகுதியைக் காற்றும் வீதியும் ஏற்கும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பெரும்பகுதியை ஏற்கும். மீதி அனைத்தும் பிரேக் டிரம்களில் வெப்பமாக இறங்கும்.

டிரம் சூடேறும்போது விரிவடைகிறது. லைனர் அதனைப் பற்றிக்கொள்ள மேலும் சிறிது தூரம் நகரவேண்டியுள்ளது. சூடேறிய லைனரின் உராய்வும் குறைகிறது. நன்கு பேணப்பட்ட பிரேக்கிற்கு இவ்விரண்டையும் தாங்கும் இடம் உண்டு. தேய்ந்த லைனருக்கும், காலத்தே சரிசெய்யப்படாத நெம்புகோலுக்கும் அந்த இடம் எஞ்சியிருப்பதில்லை. மிதி தரையைத் தொடுகிறது, வண்டி நிற்பதில்லை. இதில் மிகக் கொடியது யாதெனில், இதே பிரேக் காலையில் சமதரையில், குளிர்ந்த நிலையில், ஓரளவு பிடித்திருக்கும் என்பதே. முற்றத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்த்தவர் "பிரேக் நல்லது" என்று உண்மையாகவே சொல்லியிருக்கலாம். குறையைக் காட்டுவது மலை. அது காட்டும் வேளையில் வண்டியில் இருப்பவர் சாரதியும் கிளீனரும் மாத்திரமே.

லைனர் தேய்ந்தது அந்தக் கணத்தில் அன்று. அது பல வாரங்களாகத் தேய்ந்திருக்கும். சாரதி அதனைக் காலால் உணர்ந்திருப்பார்; வாயாற் சொல்லியும் இருப்பார். மலையகத்து லொறிச் சாரதிகளின் பேச்சைக் கேட்டவர்க்கு அந்த உரையாடல் புதிதன்று.

"மொதலாளி, லைனர் தேஞ்சு போச்சுங்க. மாத்திட்டுத்தான் எறக்கணும்."

"இந்த ஒரு நடை போயிட்டு வந்துரு. பாத்துக்கலாம்."

இந்தப் பேச்சு எங்கும் எழுதப்படுவதில்லை. நடைக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் சாரதிக்கு, வண்டி கராஜில் நிற்கும் நாள் அடுப்பு எரியாத நாள். மறுத்தால் அதே வண்டியை வேறொருவர் எடுத்துச் செல்வார் என்பதும் அவருக்குத் தெரியும். உரிமையாளர் பக்கத்திலும் நெருக்கடி இல்லாமலில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 வரை அத்தடை பெரிதும் நீடித்தது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியில் உதிரிப்பாகங்களின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றது. பழைய வண்டிகள் மேலும் பழையனவாகி வீதியில் ஓடின. எனினும் நெருக்கடியின் சுமையை யார் தாங்குவது என்ற கேள்வி எஞ்சுகிறது. லைனருக்குச் செலவாகாத பணம் ஒருவருடைய பையில் மீதமாகின்றது; அதனால் வரும் ஆபத்து மற்றொருவருடைய உடலில் ஏறுகின்றது.

சாரதிகள் அனைவரும் குற்றமற்றவர் எனல் உண்மையாகாது. மது அருந்தியோரும், உறக்கத்தை வெல்லலாம் என்று எண்ணியோரும், டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் கியரை விடுவித்து வண்டியை உருளவிட்டோரும் உளர். அவர்களாற் சிதைந்த குடும்பங்களுக்கு இக்கட்டுரை ஆறுதலாகாது. ஆயினும் இவ்விடத்தும் கேள்வியை நீட்டவேண்டியுள்ளது. உறக்கமின்றி இரண்டாம் நடையை ஏற்கச் செய்தது எது? அளந்து கொடுத்த டீசலுக்குக் கணக்குக் கேட்டவர் யார்? சாரதியின் பிழை மெய்யாயிருக்கும்போதே அதன் பின்னால் ஓர் ஏவல் நிற்கக்கூடும்.

சட்டம் இதனை எவ்வாறு காண்கின்றது? கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். நடைமுறையில் அப்பிரிவு முதலில் தேடிச் செல்வது சுக்கானைப் பிடித்திருந்த கையையே. மறுபுறம், நட்டஈடு கோரும் குடியியல் வழக்கில், ஊழியன் தன் வேலையின்போது இழைத்த தவறுக்கு எசமானும் பொறுப்பாளி என்ற கோட்பாடு நன்கு நிலைபெற்றுள்ளது. ஏவுதற் கருத்தாவைச் சட்டம் அறியாதது அன்று என்பது இதனாற் பெறப்படும். பணம் கொடுக்கும் இடத்தில் அது அவரை அடையாளம் காண்கின்றது. அங்கும் அவருக்காகக் காப்புறுதிக் கம்பனி முன்வந்து நிற்கின்றது. சிறைக்குச் செல்லும் இடத்தில் அவரைத் தேடுவது அரிது. பணத்தைக் காப்புறுதி கொடுக்க, காலத்தைச் சாரதி கொடுக்க, இடையே உரிமையாளர் சேதமின்றிக் கடந்து செல்ல இயல்கின்றது.

லொறிக்கு மட்டும் உரியதன்று இந்நிலை. கண்டியிலிருந்து கம்பளை வழியே மேலேறும் பாதையின் மறுமுனையான நுவரெலியாப் பகுதியில், நானுஓயா ரதெல்ல குறுக்குவீதியில், 2023 ஜனவரி 20ஆம் நாள், கொழும்பிலிருந்து மாணவர்களை ஏற்றிவந்த பேருந்து ஒன்று இறக்கத்தில் ஒரு வானுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியது. 7 பேர் உயிரிழந்தனர். பிரேக் செயலிழந்தமை பற்றிய பேச்சு உடனேயே எழுந்தது. பேருந்துச் சாரதி கைதுசெய்யப்பட்டார். விசாரணையின் முதற்படி அதுவாக இருக்கலாம். அதுவே பொதுமக்கள் நினைவில் இறுதிப்படியாகவும் நின்றுவிடுகின்றது.

இதே கேள்வி பிற நாடுகளின் மலைகளிலும் எழுந்தது. இரு நாடுகள் இருவேறு விடை தந்தன. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், 2019 ஏப்ரில் 25ஆம் நாள், மரம் ஏற்றிய கனரக வண்டி ஒன்று மலையிறக்கத்தில் பிரேக் இழந்து, டென்வர் நகரை அண்டிய நெடுஞ்சாலையில் நின்ற வாகனங்கள்மேல் மோதியது. நால்வர் இறந்தனர். சாரதிக்கு வயது 23. பிரேக் இழந்த வண்டிகள் ஏறி நிற்பதற்கென அமைக்கப்பட்ட தப்புப்பாதையை அவர் பயன்படுத்தாது கடந்து சென்றார் என்பது அவருக்கெதிரான வலுவான வாதமாயிற்று. தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கவேண்டும் என்ற விதியின்படி 2021 டிசம்பரில் அவருக்கு 110 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 50 இலட்சம் பேர் அதனை எதிர்த்து மனுவில் ஒப்பமிட்டனர். அதே மாத இறுதியில் ஆளுநர் அதனை 10 ஆண்டாகக் குறைத்தார். அவரை வேலைக்கமர்த்திய நிறுவனத்தார் எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவில்லை.

இங்கிலாந்தின் பாத் நகரில், 2015 பெப்ரவரி 9ஆம் நாள், செங்குத்தான ஒழுங்கை ஒன்றில் 32 தொன் வகையைச் சேர்ந்த லொறி பிரேக் இழந்து இறங்கியது. 4 வயதுச் சிறுமி உட்பட நால்வர் இறந்தனர். சாரதி அனுபவம் மிகக் குறைந்த இளைஞர். அவருக்கு முன்னே வேறொரு லொறியில் வழிகாட்டிச் சென்றவர் அவருடைய முதலாளியே. வழக்கில் மூவரும் விசாரிக்கப்பட்டனர்: முதலாளி, வண்டியைப் பழுதுபார்க்கும் பொறுப்பிலிருந்தவர், சாரதி. பிரேக்குகள் முறையாகப் பேணப்படாது சீர்கெட்டிருந்தமை நீதிமன்றத்தில் விரிவாக எடுத்துக்காட்டப்பட்டது. 2016 டிசம்பரில் சாரதி குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். 2017 ஜனவரியில் முதலாளிக்கு ஏழரை ஆண்டும், பழுதுபார்ப்பவருக்கு 5 ஆண்டு 3 மாதமும் சிறை விதிக்கப்பட்டன.

இவ்விரு வழக்குகளின் விவரங்களும் சட்டங்களும் வேறு வேறு. ஒன்றைக்கொண்டு மற்றதைத் தீர்ப்பிடல் தகாது. எனினும் விசாரணை எவ்விடத்தில் நின்றது என்பது ஒப்பிடத்தக்கது. முன்னதில் அது மலையில் நின்றது. பின்னதில் மலையிலிருந்து கராஜுக்கும், கராஜிலிருந்து கணக்கறைக்கும் நடந்து சென்றது.

பேராதனை மாணவர்க்கு இவை தொலைவான செய்திகளல்ல. பல்கலைக்கழகத்தின் ஓரமாக, கலஹா சந்தியில் தொடங்கும் வீதி தோட்டங்களுக்கே ஏறிச் செல்கின்றது. அவ்வழியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். புகைவண்டி கண்டியை அடைந்ததும் அதே ஆண்டிலேதான். அன்றுதொட்டு இந்த மலைகளிலிருந்து இறங்கிய செல்வம் அனைத்தும் யாரோ ஒருவரின் பிரேக்கை நம்பியே இறங்கியுள்ளது. 1992இல் அரசதோட்டங்களின் முகாமை கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபின்னரும் கொழுந்து ஏற்றும் லொறியும் டிராக்டரும் அதே குறுகிய வளைவுகளில்தான் ஓடுகின்றன. சில வேளைகளில் கொழுந்து மூடைகளின்மேல் கொழுந்து பறித்தவர்களும் அமர்ந்து வருகின்றனர். அத்தகைய வண்டி கவிழ்ந்தால் இறப்பவரும் தொழிலாளி, குற்றஞ்சாட்டப்படுபவரும் தொழிலாளி; இருவரும் பெரும்பாலும் ஒரே லயத்தார். இழவு வீடும் பிணைக்கு ஆள் தேடும் வீடும் ஒரே கூரையின் இரு முனைகளாக இருக்கும். இறந்தவரின் தாய், எதிர்வீட்டுச் சாரதியின் மனைவியைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு, அவ்விருவராலும் விடை சொல்ல இயலாது. விடை தெரிந்தவர் அந்த லயத்தில் இல்லை.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. கனரக வாகனங்களுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் பெறும் முறை ஏற்கெனவே உள்ளது. ஆனால் ஆண்டுக்கொருநாள் பெறும் சான்றிதழ் எஞ்சிய நாட்களின் தேய்மானத்தை அறியாது. சாரதி கூறும் குறையை ஒரு பதிவேட்டில் எழுதி, பெற்றுக்கொண்டவர் ஒப்பமிடும் வழக்கம் ஒவ்வொரு கம்பனியிலும் வேண்டும். விபத்தின்பின் சாரதியின் இரத்தத்தில் மதுவைத் தேடும் அதே விரைவோடு, உரிமையாளரின் ஏட்டில் கடைசியாக லைனர் மாற்றிய நாளையும் தேடவேண்டும். பழுதான வண்டியை இறக்க மறுத்தவர் வேலை இழக்காதிருக்கப் பாதுகாப்பு வேண்டும். இவற்றுள் எதுவும் சாரதிக்குச் சலுகையன்று. உண்மையைப் பாதி வழியில் நிறுத்தாதிருத்தல் மாத்திரமே.

தமிழ் கற்போர் செய்யக்கூடிய சிறு பணியும் ஒன்றுண்டு. அடுத்தமுறை அந்தப் பழைய வாக்கியம் கண்ணிற்படும்போது, அதன் விடுபட்ட சொற்களை நிரப்பிப் படிக்கலாம்: இன்னாருக்குரிய, இத்தனை மாதம் பழுதுபார்க்கப்படாத, இன்னார் ஏவலால் இறக்கப்பட்ட லொறி, சாரதியின் கட்டுப்பாட்டை இழந்தது. வாக்கியம் நீண்டுவிடும். செய்தித்தாள் அதனை அச்சிடாமலும் போகலாம். ஆனால் அவ்வாறு படித்துப் பழகியவர் நாளை நீதவானாகவோ, வாகனப் பரிசோதகராகவோ, தோட்டத்துரையாகவோ அமரும்போது, சுக்கானைப் பிடித்த கையைக் கண்டதும் விசாரணையை முடித்துவிடமாட்டார்.