விறாண்டியும் விமானமும்

நண்பர் ஒருவர் கனடாவில் விமானிகளுக்கு வகுப்பெடுக்கிறார். விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதல்ல அவருடைய வேலை. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் எப்படிப் பிழை விடுகிறார்கள், விட்ட பிழை விபத்தாக மாறாமல் எப்படிப் பிடிப்பது என்பதுதான் பாடம். விடுமுறையில் வந்தவர், தன் தூரத்து உறவுப் பெண்ணொருவர் வட்டக்கச்சியில் இருக்கிறா, முகமாலையில் மிதிவெடி அகற்றுகிறா, போய்ப் பார்ப்போம் என்றார். "நான் படம் போட்டுக் காட்டுறதை அவ ஒவ்வொரு நாளும் மண்ணிலை செய்யிறா."

இரணைமடுத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற ஊர் வட்டக்கச்சி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அந்த அக்கா வீட்டிலேயே நின்றா. கணவரை 2009இல் இழந்து, இரண்டு பிள்ளைகளோடு மனிக்பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து கூரைத் தகரத்தின் கீழ் குந்தியிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டுப் போய்ச் சேர்த்துவிட்ட வேலை. அதைப் பற்றி அவ்வளவுதான் சொன்னா. பேச்சு மீண்டும் மீண்டும் மிதிவெடி தேடுகிற விறாண்டிக்கே போனது.

உலோகம் காட்டும் கருவியைப் பற்றியும் கேட்டோம். சத்தத்தின் ஏற்ற இறக்கங்களைச் சொன்னா. எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. முகமாலை போன்ற இடத்தில் அந்தக் கருவியை மட்டும் நம்பிப் பயனில்லை என்பதுதான் விசயம். பல வருசம் இரு பக்கமும் சுட்டுத் தள்ளிய முன்னரங்கு அது. மண் முழுக்க ரவைக்கோதும் எறிகணைச் சிதறலும். தேடுகிற பாகிஸ்தான் பி-4 மிதிவெடியோ பிளாஸ்ரிக், உள்ளே உலோகம் மிகக் கொஞ்சம். ஜொனி மிதிவெடி மரப்பெட்டி, மரம் உக்கிப்போனாலும் வெடிமருந்தும் டெற்றனேற்றரும் அப்படியே கிடக்கும். எனவே 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் நோர்வே மக்கள் உதவி நிறுவனம் இங்கேயே விறாண்டி முறையை உருவாக்கியது. இன்று வன்னிப் பெண்கள் அதில் கைதேர்ந்தவர்கள்.

முற்றத்தில் சருகு கூட்டும் விறாண்டியை எடுத்துவந்து காட்டினா. முதலில் தேடும் இடத்துக்குப் பின்பக்கத்தில் ஒரு சிறு குழி. பிறகு அந்தக் குழியின் முன்சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக விறாண்டி இழுப்பது. பாரமான விறாண்டி மண்ணை இளக்கும், லேசானது இளகியதை வாரும். "மேலாலை குத்தினா வெடிக்கும். பக்கத்தாலை வந்தா அது மண்ணுக்குள்ளையிருந்து தன்ரை விலாவைக் காட்டும். காட்டின உடனை நிப்பாட்டிப்போட்டுக் கையைத் தூக்கவேணும்." இழுத்த இழுப்பில் மண் மாவாக உதிர்ந்தது. ஒரு இழுப்புக்கு இரண்டு விரல் அகலம்கூட இல்லை.

நண்பர் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலைத்தளத்து விறாண்டியின் பிடி ஆளுயரத்துக்கும் கூட. ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்டார், தெரிந்துகொண்டே.

"பிழை விட்டாலும் நான் தள்ளி நிப்பன் எல்லோ."

இதை வகுப்பில் விளங்கவைக்க எனக்கு ஒரு கிழமை வேணும் என்றார் நண்பர். டெக்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர் ரொபேர்ட் ஹெல்ம்ரைக்கின் குழு, 1990களில் சாதாரணப் பயணங்களில் விமானி அறைக்குள் உட்கார்ந்து கவனித்தது. பத்திரமாக இறங்கிய விமானங்களிலும் பிழைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. அதிலிருந்து வந்த பாடம்: வெளியிலிருந்து வருவது அச்சுறுத்தல், எங்களிடமிருந்து வருவது பிழை, இரண்டும் வரும் என்று எண்ணியே ஏற்பாடு செய். அக்காவுக்கு அச்சுறுத்தல் என்றால் வெயில், மழையில் இடம் மாறிய மண், பனை வேர், பாம்பு. இன்னொன்றும் சொன்னா: மாடு. இரவில் மாடு புகுந்து சிவப்புத் தடியைத் தட்டிவிட்டுப் போய்விடும். சிவப்புக்கு அப்பால் ஆபத்து, இப்பால் துப்புரவான நிலம்.

"விழுந்து கிடக்கிற தடியை எடுத்து, இதிலைதான் நிண்டது எண்டு நட்டா?" என்று கேட்டேன்.

"அது செய்யப்படாது. சந்தேகமில்லாமல் தெரிஞ்ச கடைசித் தடிக்குத் திரும்பிப் போய் அங்கையிருந்து திருப்பித் துவங்கவேணும். நாலு நாள் வேலை போனாலும் சரி."

நண்பருக்கு ஒரு விபத்து ஞாபகம் வந்தது: 1974 டிசெம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களோடு கொழும்புக்கு இறங்க வந்த மார்ட்டின்எயார் டிசி-8, மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். விமானநிலையத்திலிருந்து தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதை விமானிகள் பிழையாக எண்ணி, மலைக்கு மேல் இருப்பது தெரியாமல் தாழ்ந்து வந்ததே காரணம். நண்பர் இதைச் சொன்னபோது அக்கா, "அவைக்குத் திரும்பிப் போகக் கடைசித் தடி இருக்கேல்லையோ?" என்றா.

தளத்தில் நேற்று வேலைக்கு வந்த பிள்ளை "நில்" என்று கத்தினாலும் பொறுப்பாளர் உட்பட எல்லாரும் நிற்கவேண்டும். 2010 மே 22இல் மங்களூரில் எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்த கதையில், இறங்காமல் மேலே எழும்பும்படி துணை விமானி பலமுறை சொல்லியிருக்கிறார். பயணத்தில் நீண்ட நேரம் நித்திரை கொண்டெழும்பிய கப்டன் கேட்கவில்லை. முகமாலையில் நித்திரை ஒரு கேள்வியாகவே இருக்கிறது. காலையில் குழுத்தலைவி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, நித்திரை கொண்டியளோ என்று கேட்பாவாம். இல்லை என்று சொன்னால் அன்றைக்குத் தடிக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை.

"சம்பளம் வெட்டுவினமோ?"

"வெட்டினா ஆர் உண்மை சொல்லுறது?"

இதே எண்ணத்தில்தான் அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் பிழையைத் தாங்களே எழுதி அனுப்பலாம். அதை நடத்துவது தண்டிக்கும் அதிகாரமில்லாத நாசா.

ஆனால் நித்திரை ஏன் வரவில்லை என்பதை எந்தக் குழுத்தலைவியும் தீர்க்க முடியாது. வன்னியில் அதற்குப் பொதுவான விடை ஒன்றுண்டு: கிழமைக் கடன். போர் முடிந்த கையோடு, உழைக்கிற பெண் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று தேடித்தேடி வந்தார்கள் நுண்கடன்காரர்கள். ஒருத்தி கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றவர்கள் கட்டவேண்டும். கட்டும்வரை, வசூலிக்க வந்தவன் முற்றத்தில் உட்கார்ந்திருப்பான். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. மத்திய வங்கி வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு போட்டது. உச்சவரம்பே அதுவென்றால் அதற்கு முன் வாங்கியது எவ்வளவு என்று யோசியுங்கள். விமானிக்கு ஓய்வு நேரம் இத்தனை என்று சட்டமே இருக்கிறது. மிதிவெடிக்கு முன்னால் நிற்கிற பெண்ணின் மண்டைக்குள் செவ்வாய்க்கிழமைத் தவணையை ஏற்றிவிட்டவனை எந்தப் பாதுகாப்பு ஆய்வு விசாரிக்கிறது? அக்கா கடன் எடுத்தவ, கட்டி முடித்தவ. "அந்த நாளையிலை நான் கனதரம் பெயின்ற் அடிச்சனான்" என்று சிரித்தா.

மிதிவெடி அகற்றும் வேலை முடியப்போகிறது. ஒட்டாவா உடன்படிக்கையில் 2017இல் சேர்ந்த இலங்கை 2028 ஜூனுக்குள் மிதிவெடிகளை அகற்றவேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது உலகெங்கும் மிதிவெடி அகற்றலுக்கு அது கொடுத்துவந்த பணமும் நின்றது. எப்போது முடிந்தாலும் அக்காவிடம் ஒரு தொழில் மிஞ்சும். அதை வேறெங்கு விற்பது என்று அவவுக்குத் தெரியாது. நண்பருக்கு அதில் ஒரு யோசனை வந்தது: தன் மாணவர்களுக்கு வீடியோவில் ஒரு மணித்தியாலம் பேசமுடியுமா? தமிழிலேயே பேசலாம், தான் மொழிபெயர்ப்பதாகச் சொன்னார்.

"வேலை நாளிலை ஏலாது. ஞாயிறு எண்டாப் பாப்பம்," என்றா அக்கா விறாண்டியைச் சுவரில் சாத்திக்கொண்டே. "ஆனா எவ்வளவு தருவியள் எண்டதை முதல்லை சொல்லுங்கோ."