மூன்று பென்ஸ் தாள்கள்

குன்னூர் கிளைக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது என்னிடம் ஒரு ஸ்வெட்டர்கூடக் கிடையாது. திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது எதற்கு? முதல் ஜூலைச் சாரலில் பல் கிட்டித்து நின்ற என்னைப் பார்த்து, வீட்டுக்காரம்மா ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை; தெரு முழுக்க அவருக்கு டீச்சர்தான். "எந்தக் கடையில வாங்கினீங்க டீச்சர்?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் இரண்டு ஊசிகளையும் ஓர் உருண்டை நூலையும் என் மடியில் போட்டார்.

ப்ளெயின், பர்ல் இரண்டும் வர ஒரு மாதம் ஆனது. நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரல் மேல் ஓடவிட வேண்டும். பிடி இறுகினால் கண்ணி ஊசியைக் கவ்விக்கொண்டு நகராது. தளர்ந்தால் தொளதொளவென்று தொங்கும். என் கை தளர்ந்த கை. ஓர் அங்குலத்துக்கு 7 கண்ணி வரவேண்டும் என்று பேட்டர்ன் தாளில் இருந்தது. முதலில் ஒரு சதுரம் பின்னி, ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளச் சொன்னார் டீச்சர். சட்டை பின்ன வந்தவள் சதுரம் எதற்குப் பின்ன வேண்டும் என்று நேராக வேலையில் இறங்கிவிட்டேன். சுற்றளவு 34 அங்குலம் வரவேண்டும், 238 கண்ணி. எனக்கோ அங்குலத்துக்கு ஆறுதான் விழுந்திருந்தது. மூன்று மாத உழைப்புக்குப் பின் சட்டை 40 அங்குலத்தை எட்டி நின்றது.

"ஏம்மா, இது உனக்கா, உங்க மேனேஜருக்கா?" என்றார். முழுவதையும் அவர் முன்னாலேயே பிரித்தேன். பிரித்த நூல் இடியாப்பம் போல் சுருண்டு கிடந்தது. அதைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, நிழலில் தொங்கவிட்டு நேராக்கக் கற்றதுதான் அந்தச் சட்டையால் எனக்குக் கிடைத்த லாபம்.

ஊசி வாங்கியதிலும் ஒரு கூத்து. தாளில் 10ஆம் எண் ஊசி என்று இருந்தது. இணையத்தில் ஒரு பத்து வாங்கினேன். பென்சில் மாதிரி தடியாக வந்தது. அது அமெரிக்கப் பத்து, 6 மில்லிமீட்டர். பழைய பிரிட்டிஷ் கணக்கில் பத்து என்றால் 3.25 மில்லிமீட்டர்தான், எண் ஏற ஏற ஊசி மெலியும். நம் ஊர்க் கடைகளில் அந்தப் பழைய எண் இன்னும் புழங்குகிறது என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

அந்தத் தாள்கள் வந்தது ஒரு தகரப் பெட்டியிலிருந்து. டீச்சரின் அம்மா ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் தையல் வேலை பார்த்தவர். துரை குடும்பம் ஊர் திரும்பியபோது நாற்காலி, பீங்கானெல்லாம் ஏலம் போக, யாரும் கேட்காத ஒரு கட்டுக் காகிதம் அவர் கைக்கு வந்தது. பேட்டன்ஸ் அண்ட் பால்ட்வின்ஸ் என்ற நூல் கம்பெனியின் பேட்டர்ன் தாள்களும், 1932இல் தொடங்கிய 'ஸ்டிச்கிராஃப்ட்' மாத இதழ் சிலவும் அதில் இருந்தன. நூல் விற்பதற்காகக் கம்பெனிகளே அச்சிட்ட தாள்கள் அவை. முகப்பில் ஒரு பெண் சட்டையைப் போட்டுக்கொண்டு சிரிப்பாள். மூலையில் '3டி' என்று இருக்கும். நான் முப்பரிமாணப் படம் என்று நினைத்தேன். டி என்றால் பென்ஸ். லத்தீன் டினாரியஸின் முதலெழுத்து. டீச்சர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

பெரும்பாலான தாள்களில் ஆண்டு அச்சிட்டிருக்காது. கண்டுபிடிப்பது என் வேலை என்றார். விலை பழைய பென்ஸில் இருந்தால், இங்கிலாந்து தசம நாணயத்துக்கு மாறிய 1971 பிப்ரவரிக்கு முந்தியது. நூலை அவுன்ஸில் சொல்கிறதா, கிராமிலா என்று அடுத்துப் பார்க்கவேண்டும். கூப்பன் பற்றிப் பேச்சிருந்தால், அங்கே துணிக்கு ரேஷன் இருந்த 1941 முதல் 1949 வரையிலான காலம். போர்க்காலத் தாள் கையில் எடுத்ததுமே தெரியும்: மெல்லிசு, சின்ன அளவு, எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. காகிதத்துக்கும் அப்போது தட்டுப்பாடு.

என் பெரிய தவறு இங்கேதான் நடந்தது. டீச்சர் பத்து நாள் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் பெட்டியைச் சீராக்கி அசத்திவிடலாம் என்று நினைத்தேன். மடிப்பில் கிழிந்த இடங்களில் செல்லோடேப் ஒட்டினேன். ஓரங்களில் கிறுக்கியிருந்த பென்சில் கோடுகளையும் எண்களையும் நல்ல ரப்பர் வாங்கி அழித்தேன். ஏழெட்டுத் தாள்கள் பளிச்சென்று ஆயின. எனக்கு அவ்வளவு பெருமை.

வந்தவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். திட்டவில்லை. "காபி போடவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அந்த வாரம் பாடம் கிடையாது. செல்லோடேப்பைப் பற்றி மட்டும் பிறகு சொன்னார்: நாலைந்து வருடத்தில் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும், உரித்தால் எழுத்தும் கூடவே வரும். பென்சிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டார்போலும்.

நான் சுத்தம் செய்த தாள்களில் ஒன்றையே அடுத்து என்னிடம் கொடுத்தார். குழந்தைச் சட்டை. கீழ்ப்பகுதியில் அலை அலையாக வரும் துளை வேலை. ஷெட்லாந்து தீவுகளின் 'ஓல்ட் ஷேல்' பின்னல். முதலில் தடுக்கி விழுந்தது 'எம் 1' என்ற குறிப்பில். ஒரு கண்ணி உண்டாக்கு என்று பொருள். இன்றைய புத்தகங்கள் சொல்கிறபடி இரு கண்ணிகளுக்கு நடுவிலுள்ள நூலைத் தூக்கி, முறுக்கிப் பின்னினேன். நாலாவது வரிசையில் ஊசி நகர மறுத்தது. துணி அட்டை போல் விறைத்தது. டீச்சர் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்து, "வெளிச்சம் எங்கம்மா?" என்றார். பழைய தாள்களில் பெரும்பாலும் அந்த எம் 1 வேறு: நூலைச் சும்மா முன்னால் கொண்டுவந்து ஊசி மேல் போட்டு நகர்ந்துவிடுவது. பின்னிய மாதிரியே இருக்காது. ஏதோ மறந்துவிட்டது போல விரலுக்கு ஒரு கூச்சம் வரும். அந்த மறதிதான் அடுத்த வரிசையில் துளையாகிறது.

துளை வந்தது, கணக்கு வரவில்லை. ஊசியில் 126 கண்ணி. தாள் சொன்னது: இரண்டை ஒன்றாக 3 முறை, துளையும் ப்ளெயினுமாக 6 முறை, மறுபடி இரண்டை ஒன்றாக 2 முறை, இதையே திரும்பச் செய். செய்தால் வரிசைக் கடைசியில் கண்ணிகள் ஒட்டாமல் மிஞ்சின. ஐந்து முறை பிரித்தேன். ஒவ்வொரு முறையும் தப்பு என் கையில்தான் என்று நம்பினேன். ஆறாம் இரவு ஊசியைக் கீழே வைத்துவிட்டு, வங்கியில் பேரேடு சரிபார்க்கிற புத்தியோடு தாளை எடுத்தேன். துளை போடும்போது ஒரு கண்ணி கூடுகிறது, இரண்டை ஒன்றாக்கும்போது ஒன்று குறைகிறது. வரவு ஆறு. செலவு மூன்றும் இரண்டும், ஐந்து. ஒன்று உதைக்கிறது. கடைசி 2, 3 ஆக இருந்தால்? ஒரு சுற்றுக்கு 18 கண்ணி. ஏழு பதினெட்டு 126. அச்சுப்பிழை.

அப்போதுதான் அந்த வரிக்கு நேரே ஓரம் கண்ணில் பட்டது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். நான் ரப்பரால் அழித்த இடத்தில், பென்சில் அழுத்திய பள்ளமாக, ஒரு 3 தெரிந்தது.

காலையில் தாளை நீட்டினேன். "அம்மா கையெழுத்து" என்றார். அவ்வளவுதான். நான் அழுதேன் என்று எழுதினால் மிகையாக இருக்கும். அன்று அலுவலகத்தில் யாரோடும் பேசவில்லை, அது உண்மை.

சட்டை நன்றாகவே வந்தது. அதையும் கெடுத்தேன். 'ஈரத்துணி வைத்து இஸ்திரி போடவும்' என்று தாளின் கடைசி வரி. அது கம்பளிக்கு, என் நூல் அக்ரிலிக். சூடு பட்டதும் அலைகள் உயிர்விட்டு, நனைந்த அப்பளம் போல் தட்டையாகிவிட்டன. இரண்டாம் சட்டை நிஜக் கம்பளியில். டீச்சர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு நேரே பிடிக்காமலே மடித்து வைத்தார். நான் வாங்கிய ஒரே பாராட்டு அது.

இப்போது பெட்டி என் பொறுப்பில் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் கேட்டு வருகிறார்கள். டீச்சரின் விதி ஒன்றுதான்: பின்னிப் பார்க்காத பேட்டர்னைப் பிரதி எடுத்துக் கொடுக்கக் கூடாது. அச்சில் உள்ளதைக் கறுப்பு மையிலும், ஓரத்துப் பென்சில் குறிப்புகளைச் சிவப்பிலும் எழுதுகிறேன். ஊசி எண்ணுக்குப் பக்கத்தில் மில்லிமீட்டர், எம் 1 வரும் இடத்தில் எந்த எம் 1 என்பது. பதிப்புரிமையும் பார்க்கவேண்டியிருக்கிறது. நம் சட்டப்படி, எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழியவேண்டும். பெயரில்லாமல் வெளிவந்ததென்றால் வெளியாகி 60 ஆண்டு. அந்த வரம்பைத் தாண்டாதவற்றைப் பிரதி எடுப்பதில்லை. தாளையே இரவல் தருகிறேன்; பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிப் போகிறார்கள். இதுவரை 23 பேட்டர்ன்கள் பின்னி முடித்திருக்கிறேன். பெட்டியில் இன்னும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன.

உங்கள் வீட்டுப் பரணில் அத்தையோ பாட்டியோ வைத்துவிட்டுப் போன பின்னல் தாள்கள் இருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் ஓரங்களை ஒருமுறை பாருங்கள். கிழிந்திருந்தால் கிழிந்தபடியே ஒரு காகித உறைக்குள் வையுங்கள். செல்லோடேப் வேண்டாம். ரப்பர் வேண்டவே வேண்டாம்.