வெளிச்சத்தை யார் கூட்டுவது?

சிங்கப்பூரில் 'சிவப்புப் புள்ளி' என்றால் நாட்டைத்தான் நினைப்போம். 1998இல் இந்தோனேசிய அதிபர் ஹபீபி நம்மைப் பற்றிச் சொன்னதாக வந்த சொல் அது. முதலில் சுருக்கென்று இருந்தாலும், பிறகு தேசிய தினச் சட்டைகளில் அச்சடிக்கும் அளவுக்குச் சொந்தமாக்கிக்கொண்டோம். நான் எழுதப்போகும் சிவப்புப் புள்ளி வேறு. அது கைத்துப்பாக்கியின் மேல் பொருத்திய சின்னக் கண்ணாடிக்குள் தெரிவது. ஆங்கிலத்தில் ரெட் டாட் என்கிறார்கள். அந்தப் புள்ளியின் வெளிச்சத்தைக் கருவியே கூட்டிக் குறைக்கட்டுமா, அல்லது சுடுகிறவர் தன் விரலால் அழுத்தி வைக்கட்டுமா? துப்பாக்கி வைத்திருப்பவர்களிடையே இது ஓயாத வாதம். துப்பாக்கியே இல்லாத ஊரில் வளர்ந்த நான் அதில் மாட்டிக்கொண்டு, இரண்டு வருடம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தேசிய சேவையில் எனக்குக் கொடுத்தது எஸ்ஏஆர் 21 துப்பாக்கி. அதன் கைப்பிடிக்குள்ளேயே ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி இருக்கும். கூட்டவும் குறைக்கவும் அதில் எந்தப் பொத்தானும் கிடையாது. சுட்டு முடித்ததும் வரிசையில் நின்று, என்னிடம் தோட்டா இல்லை, வெற்றுக் கூடும் இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு வெற்றுக் கூடு கணக்கில் குறைந்தாலும் எல்லோரும் குனிந்து புல்லைத் தடவுவோம். என்சிக் முகத்தைப் பார்த்தால் வீட்டுக்குப் போகும் ஆசையே போய்விடும். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றங்கள் சட்டத்தின் கீழ், தீங்கு செய்யும் எண்ணத்தோடு சுட்டால், தோட்டா யார் மேலும் படாவிட்டாலும், மரண தண்டனை. அப்படிப்பட்ட ஊரில் துப்பாக்கி என்பது பூட்டிய அறையிலிருந்து வந்து பூட்டிய அறைக்கே திரும்பிப் போகும் பொருள்.

பிறகு வேலை என்னை அமெரிக்காவின் அரிசோனாவுக்கு, பீனிக்ஸ் பக்கம் அனுப்பியது. அங்கே என்னோடு வேலை செய்தவர் ஈப்போவில் பிறந்து முப்பது வருடங்களுக்கு முன்பே குடியேறியவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வயது ஐம்பத்தெட்டு. ஒரு சனிக்கிழமை, "தம்பி, காலையில பசியாறிட்டு வந்துடு, சுடப் போலாம்" என்றார். மலேசியத் தமிழ் அவர் வாயில் அப்படியே உறைந்துபோயிருந்தது.

ஆனால் உடனே போக முடியவில்லை. வேலை விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சில விலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். ஆகவே வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடும் நான் பணம் கட்டி வேட்டைக்காரனானேன். இன்றுவரை ஒரு முயலைக்கூடத் துரத்தியதில்லை.

நாங்கள் போன இடம் நகரின் வடக்கே, மாநில வனவிலங்கு மீன்வளத் துறை நடத்தும் பென் ஏவரி பயிற்சித் தளம். தரையில் வெற்றுக் கூடுகள் கச்சான் தோல் மாதிரி சிதறிக் கிடந்தன. யாரும் எண்ணவில்லை. எனக்கு மட்டும் பொறுக்க வேண்டும் போலக் கை பரபரத்தது.

அண்ணன் ஏன் ரெட் டாட்டுக்கு மாறினார் என்பதற்குக் காரணம் வயது. பழைய முறையில் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். கண்ணால் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும் என்பதால் முன்குறியைப் பார்க்கச் சொல்வார்கள். நாற்பதைத் தாண்டியவருக்குக் கையெட்டும் தூரம்தான் மங்கும் தூரம். ரெட் டாட்டில் ஒரு சின்ன எல்இடி விளக்கு பின்புறமிருந்து முன்கண்ணாடி மேல் ஒளியை அடிக்கிறது. கண்ணாடியில் பூசியிருக்கும் மெல்லிய படலம் சிவப்பை மட்டும் நம் கண்ணுக்குத் திருப்பிவிட்டு மற்ற நிறங்களை உள்ளே விடுகிறது. வளைந்த கண்ணாடி ஒளிக்கதிர்களை இணையாக்கிவிடுவதால், புள்ளி தூரத்தில் மிதப்பது போலத் தெரியும். இரண்டு கண்ணையும் திறந்து இலக்கையே பார்த்தால் போதும். சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1970களின் நடுவில் இதை நீளத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தது. கைத்துப்பாக்கியின் ஸ்லைடு மேலேயே உட்கார்ந்து அதன் அடியைத் தாங்கும் அளவுக்குச் சின்னதாகவும் முரட்டுத்தனமாகவும் ஆக இன்னும் பல வருடங்கள் பிடித்தன.

அண்ணன் முதலில் வாங்கியது ஆட்டோ மட்டும் உள்ள வகை. பொத்தானே கிடையாது. ஒளியை அளக்கும் சென்சார் ஒன்று உள்ளே இருக்கும். வெளியே வெயில் ஏறினால் புள்ளி பிரகாசமாகும், இருட்டினால் மங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். நிலா வெளிச்சம் ஒரு லக்ஸ்கூட வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் மனிதன் எத்தனை தடவை பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பான்? நம் கைப்பேசித் திரையும் இதைத்தானே செய்கிறது?

அங்கேதான் சிக்கல். கைப்பேசியில் நாம் பார்ப்பது நம் கையில் இருக்கிறது. துப்பாக்கியில் நாம் பார்ப்பது வேறு இடத்தில் இருக்கிறது. சென்சார் அளப்பது துப்பாக்கி இருக்கும் இடத்தின் வெளிச்சத்தை. அன்று நாங்கள் கூரை நிழலில் நின்றோம். இலக்குத் தாள் பாலைவன வெயிலில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. நிழலில் இருந்த சென்சார் நிழலுக்கு ஏற்ற மாதிரி புள்ளியைக் குறைத்துவிட்டது. வெள்ளைத் தாளின் மேல் அந்தப் புள்ளியைத் தேட வேண்டியிருந்தது. "இருக்கு, ஆனா இல்ல லா" என்றார் அண்ணன்.

இதையே இரவுக்குத் திருப்பிப் போடுங்கள். அவருடைய கைத்துப்பாக்கி வீட்டுக் காவலுக்கானது. குழலின் கீழே டார்ச் ஒன்றும் பொருத்தியிருந்தார். ஒரு நாள் இரவு தோட்டாக்களையும் மேகசினையும் வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, அறை காலி என்று மூன்று தடவை பார்த்துவிட்டு, தன் வீட்டு நடைவழியில் நிற்கவைத்து என்னிடம் கொடுத்தார். விளக்கை எல்லாம் அணைத்தோம். புள்ளி அழகாக, மெலிதாக இருந்தது. டார்ச்சைத் தட்டினேன். எதிர்ச் சுவர் பளீரென்று வெளுத்தது, புள்ளி கரைந்துபோனது. நான் நின்ற இடம் இன்னமும் இருட்டு, அதனால் சென்சாருக்கும் இருட்டுதான். இதைத் துப்பாக்கிக்காரர்கள் 'வாஷ் அவுட்' என்கிறார்கள். ஒளியிழையும் டிரிட்டியமும் வைத்து பேட்டரியே இல்லாமல் ஒளிரும் வகைகளிலும் இதே குறை பேசப்படுவதுண்டு. புள்ளி மிக அவசியமாகத் தேவைப்படும் அந்த ஒரு நிமிடத்தில்தான் ஆட்டோ தப்பாகக் கணக்குப் போடுகிறது.

அண்ணன் மேனுவல் வகைக்கு மாறினார். எய்ம்பாயிண்ட் ஆக்ரோ அப்படிப்பட்டது, பத்து நிலைகள், ஆட்டோ கிடையாது. டிரிஜிகான் ஆர்எம்ஆரின் ஒரு வகையில் இரண்டும் உண்டு. பொத்தானால் நிலையைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் பூட்டி வைக்காவிட்டால் பதினாறரை மணி நேரம் கழித்து அது தானாகவே ஆட்டோவுக்குப் போய்விடும். பேட்டரியைச் சேமிப்பதற்காகச் செய்த ஏற்பாடு. நல்லெண்ணம்தான். ஆனால் நாம் வைத்ததை நமக்குத் தெரியாமல் மாற்றும் நல்லெண்ணம்.

மேனுவலுக்கும் குறை உண்டு. இரவுக்கென்று குறைத்து வைத்ததை மறந்து காலையில் வெயிலில் எடுத்தால் கண்ணாடிக்குள் ஒன்றுமே இருக்காது. பகலுக்கென்று கூட்டி வைத்தால் இரவில் புள்ளி பூத்துவிடும். இரவில் கருவிழித் துளை இரண்டு மில்லிமீட்டரிலிருந்து ஏழு வரைகூட விரிந்திருக்கும். அப்போது அந்தச் சிவப்பு ஒரு புள்ளியாக நிற்காமல் பூவாக விரியும். எனக்கு ஆஸ்டிக்மாட்டிசம் இருப்பதால் வட்டமாகக்கூடத் தெரியாது, நசுங்கிய திராட்சைக் கொத்து மாதிரி தெரியும். கணக்குப்படி 3.25 எம்ஓஏ புள்ளி பத்து மீட்டரில் மறைப்பது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. பூத்துவிட்டால் ஒரு முகத்தையே மறைத்துவிடும்.

முகம் என்று எழுதும்போதுதான் இந்த விஷயம் எனக்குக் கனக்கிறது. அண்ணனின் மகன் உணவகத்தில் வேலை முடித்து இரவு இரண்டு மணிக்கு வருவான். அதே நடைவழியாகத்தான் தன் அறைக்குப் போவான். அன்றைக்கு எதிர்ச் சுவரில் டார்ச் அடித்தபோது எங்கள் இரண்டு பேருக்குமே அவன் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அண்ணன் விளக்கைப் போட்டுவிட்டுச் சொன்னார், "தம்பி, எல்லாரும் புள்ளி தெரியுதா தெரியுதான்னுதான் கேக்கறாங்க. எனக்கு முதல்ல ஆள் தெரியணும். ஆள் தெரியலன்னா புள்ளி எதுக்கு?"

அவர் பல நாள் சோதித்து முடிவு செய்த முறை எளிமையானது. புள்ளியை டார்ச் வெளிச்சம் பட்ட வெள்ளைச் சுவரில் தெரியும் அளவுக்குக் கூட்டுவது. அதே நிலையில், எதிரே நிற்பவரின் முகம் தெரிகிறதா என்று பார்ப்பது. முகம் மறைந்தால் ஒரு நிலை குறைப்பது. அதன்பின் தொடுவதில்லை. பேட்டரியை ஒவ்வொரு தீபாவளிக்கும் மாற்றிவிடுவார். வெயிலில் பயிற்சிக்குப் போனால் கூட்டிக்கொள்வார், வீட்டுக்கு வந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது முதல் வேலை.

நான் மேனுவல் பக்கம்தான். ஒரே கூடத்துக்குள், ஒரே சீரான வெளிச்சத்தில் சுடுகிறவருக்கு ஆட்டோ எந்தத் தொல்லையும் தராது. நாள் முழுக்க உள்ளேயும் வெளியேயும் போய்வருகிற சிலருக்கு அதுதான் வசதியும்கூட. ஆனால் ஆட்டோவின் பிழை வருமுன் தெரிவதில்லை. அது எந்த வெளிச்சத்தை அளக்கிறது என்று கையில் வைத்திருப்பவருக்கே பல நேரம் தெரியாது. மேனுவலின் பிழையை முந்தைய நாளே போய்ப் பார்த்துவிடலாம். நண்பகலில் ஒரு தடவை, நள்ளிரவில் ஒரு தடவை. கருவி எப்போது தவறும் என்று நமக்குத் தெரிந்திருந்தால் அதற்கு இடம் ஒதுக்கி வாழ முடியும். ஒரு உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் எனக்கு இது போதுமான காரணம்.

இத்தனையும் சோதித்த பிறகு அண்ணன் கடைக்குப் போய், ஆள் நடமாட்டம் கண்டால் எரியும் விளக்கு ஒன்று வாங்கிவந்து வாசலில் மாட்டினார். நடைவழியில் இரவு முழுக்க எரியும் சின்ன விளக்கு இன்னொன்று. மகனிடம் ஒரே ஒரு விதி சொல்லியிருக்கிறார். எத்தனை மணிக்கு வந்தாலும், அம்மா தூங்கினாலும் பரவாயில்லை, கதவைத் திறந்ததும் சத்தமாகக் கூப்பிட வேண்டும். அவன் தமிழ் அவ்வளவாகப் பேசமாட்டான். ஆனால் அந்த இரண்டு வார்த்தையைத் தமிழில்தான் சொல்கிறான்: "அப்பா, நான்தான்."